கார்த்திகேயன் என்னும் திருநாமம்

கந்தபுராண படனம் நடைபெறும் ஆலயங்களில் முருகப்பெருமானின் திரு அவதாரப் பகுதி படிக்கப்படும் நாளில் அடியார் கூட்டம் நிறைந்திருக்கும். சிவபெருமானின் நெற்றிக் கண்களிலிருந்து தோன்றிய பொறிகள் சரவணப் பொய்கையை அடைந்து ஆறு திருக்குழந்தைகளாயின. கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்டி வளர்த்தனர். பின்னர் உமாதேவியார் எழுந்தருளி ஆறு குழந்தைகளையும் ஒருசேர அணைத்தெடுக்க, ஆறு உருவும் ஓருருவாகிக் கந்தன் என்னும் நாமம் உண்டாயிற்று.

சிறுவயது முதல் இவ்வரலாற்றைக் கேட்டு வரும் சைவ மக்கள், அதன்பின் நடந்த ஒன்றைப் பெரிதாக எண்ணுவதில்லை. பிள்ளையை உமையம்மையின் கையில் விட்டுவிட்டு நின்ற அந்த அறுவரையும் இறைவன் வெறுங்கையோடு அனுப்பவில்லை. அவர்கள் பெயராலேயே பிள்ளை கார்த்திகேயன் என்று அழைக்கப்படவும், அவர்களுக்குரிய நாளில் விரதம் நோற்போர் வேண்டிய பேற்றைப் பெறவும் திருவருள் புரிந்தான். மாதந்தோறும் கார்த்திகை விரதம் இருப்பவர்கள் உண்மையில் வளர்த்த தாய்மாரின் நாளிலேதான் விரதம் இருக்கிறார்கள். சிவகுமாரன் என்ற பெயரும் பெருமானுக்கு உண்டு, கார்த்திகேயன் என்ற பெயரும் உண்டு. ஒன்றைக் காப்பாற்றுவதற்காக மற்றொன்று மறைக்கப்படவில்லை.

மனிதர் வீடுகளில் இப்படி நடப்பது அருமை. பிள்ளையில்லாத தம்பதியர் ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கிறார்கள். போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னரும், அதற்கு முன் 2004இல் கடல்கோள் வந்தபோதும், தாய் தந்தையை இழந்த பிள்ளைகளைச் சின்னம்மாவும் பெரியம்மாவும் மாமியும் தம் பிள்ளைகளோடு பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டார்கள். எத்தனை கோயில் கட்டினாலும் ஈடாகாத புண்ணியம் அது. ஆனால் அந்தப் புண்ணியத்தைச் செய்த பலரும் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லப் பயப்படுகிறார்கள். சொன்னால் பிள்ளை விட்டுப் போய்விடும் என்ற பயம் ஒன்று. ஊரார் குலம் கோத்திரம் விசாரிப்பார்கள் என்ற பயம் மற்றொன்று. இரண்டாவது பயத்துக்குக் காரணம் வளர்த்தவர்கள் அல்லர், விசாரிக்கிற வாய்கள்தாம். அந்த வாய்களிற் சில திருவிழாக் காலத்தில் தேவாரமும் பாடுகின்றன.

மறைத்த செய்தி மறைந்தே கிடப்பதுமில்லை. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது பத்திரத்தில் இருக்கும் ஒரு வேறுபாட்டால் வெளிவரும். கலியாணம் பேசும்போது வெளிவரும். காணித் தகராற்றில் வெளிவரும். செத்த வீட்டில் யாரோ ஒரு கிழவியின் வாயிலிருந்து வெளிவரும். அப்படிக் கேள்விப்படும் பிள்ளைக்கு, பெற்றவர் வேறு என்பதைவிட, இத்தனை பேருக்கும் தெரிந்தது தனக்கு மட்டும் தெரியாமற் போயிற்றே என்பதுதான் தாங்க முடியாதது.

மகாபாரதத்தில் கர்ணனுடைய கதையைக் கொடைக்கும் நட்புக்கும் உதாரணமாகச் சொல்லுவது வழக்கம். பிறப்பை மறைத்ததன் விளைவுக்கும் அதுவே உதாரணம். பாரதப் போருக்கு முன் கண்ணபிரான் கர்ணனைத் தனியே அழைத்து அவன் குந்தியின் மகன் என்பதைச் சொல்லுகிறார். மூத்தவன் என்ற முறையில் அரசே அவனுக்கு வரும் என்கிறார். வியாச பாரதத்தில் கர்ணன் அதற்குச் சொல்லும் மறுமொழி வளர்ப்புப் பிள்ளைகள் எல்லாருடைய மறுமொழியுமாகும். தன்னைக் கண்ட அன்றே மார்பிற் பால் சுரந்தவள் ராதை, தன் மலசலம் அள்ளியவள் அவள், சாதகருமம் செய்து பெயர் வைப்பித்தவரும் மணம் செய்து வைத்தவரும் அதிரதன், இவர்களை உலகம் முழுவதையும் தந்தாலும் கைவிட மாட்டேன் என்று சொல்லிவிடுகிறான். பெற்றவள் யார் என்று அறிந்த பின்னரும் அவன் ராதேயனாகவே இருந்தான். பிள்ளை விட்டுப் போய்விடும் என்று அஞ்சுகிற தாய்மார் இந்த இடத்தைச் சற்று நின்று கேட்க வேண்டும்.

உண்மை அறியாதவர்களுக்கு நேர்ந்ததுதான் கொடுமை. அருச்சுனன் தன் தமையனென்று தெரியாமலே கர்ணனைக் கொன்றான். போர் முடிந்து கங்கைக் கரையில் இறந்தோருக்கு நீர்க்கடன் செய்யும் வேளையிலேதான் குந்திதேவி வாய் திறந்தாள். தருமர் வெற்றியை வெறுத்தார். தாயின் இரகசியம் குலத்தை அழித்ததே என்று நொந்து, இனிப் பெண்களிடம் இரகசியம் தங்காதிருக்கக் கடவது என்று சபித்தார். சாபம் நியாயமானதா என்பது வேறு விடயம். கன்னிப் பருவத்தில் ஊருக்குப் பயந்து பிள்ளையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட குந்திக்கு அன்று யார் துணை நின்றார்கள் என்று தருமர் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்து முன்னோர் இவ்விடயத்தில் ஒளிவுமறைவை விரும்பியவர்களாகத் தெரியவில்லை. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையில் பிள்ளையைச் சுவீகாரம் எடுக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. உரிமைக்காரரான சகோதரருக்கும் உறவினருக்கும் முதலில் அறிவித்து அவர்கள் சம்மதத்தைப் பெற வேண்டும். பின்னர் சாட்சிகள் முன்னிலையில் மஞ்சள் நீர் குடித்துப் பிள்ளையை ஏற்க வேண்டும். சொத்துரிமைக்காக ஏற்பட்ட முறைதான், பிள்ளையின் மனதை நினைத்து ஏற்பட்டதல்ல. ஆயினும் ஊர் கூடி நின்று பார்த்த காரியத்தைப் பிள்ளையிடம் மறைக்க எவராலும் முடிந்திராது. 1941ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் அக்காரியம் நீதிமன்றத்துக்கும் பதிவேட்டுக்கும் போய்விட்டது.

பதிவேட்டில் பொய் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1970களிலிருந்து 1990களின் தொடக்கம் வரையில் ஆயிரக்கணக்கான இலங்கைக் கைக்குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். சுவிற்சர்லாந்துக்கு மட்டும் 1973க்கும் 1997க்கும் இடையில் 881 குழந்தைகள் சென்றார்கள். நெதர்லாந்துக்குச் சென்றவர்கள் அதைவிடப் பல மடங்கு. அப்பிள்ளைகள் வளர்ந்து, கையிலிருந்த பத்திரங்களோடு தாயைத் தேடி இலங்கைக்கு வரத் தொடங்கினார்கள். பத்திரத்தில் இருந்த விலாசத்தில் அப்படியொரு பெண் இருக்கவில்லை. சிலருக்குப் பெண் கிடைத்தாள், ஆனால் மரபணுப் பரிசோதனை அவள் தாயல்லள் என்றது. கூலிக்குத் தாயாக நடித்துக் குழந்தையை ஒப்படைத்த பெண்கள் இருந்திருக்கிறார்கள்.

2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் இலங்கையின் அன்றைய சுகாதார அமைச்சரே, அக்காலத்தில் குழந்தைகளை விற்பதற்கென நடத்தப்பட்ட இடங்கள் இருந்தன என்பதை ஒப்புக்கொண்டார். 2020 டிசெம்பரில் சுவிஸ் அரசு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்து விசாரணைக் குழு இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்தெடுப்புகளில் பாரதூரமான முறைகேடுகள் நிகழ்ந்தன என்று அறிக்கையிட, அந்நாட்டு அரசு மன்னிப்புக் கேட்டது. இலங்கையில் 1992இலேயே சட்டம் திருத்தப்பட்டு, வெளிநாட்டாருக்குப் பிள்ளை கொடுப்பது இறுக்கமாக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன் போனவர்களுக்கு அது எதையும் மீட்டுக் கொடுக்கவில்லை.

அப்படித் தேடி வருகிறவர்களை நன்றி கெட்டவர்கள் என்று சிலர் சொல்லுவதுண்டு. வளர்த்தவர்கள் வசதியாகத்தானே வைத்திருந்தார்கள், பிறகு ஏன் இந்தத் தேட்டம் என்பார்கள். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயம், தன் பெற்றோர் யார் என்பதை இயன்ற அளவு அறிவது பிள்ளையின் உரிமை என்கிறது. சாத்திரம் தெரியாத குழந்தைக்கும் அந்த உரிமை இயல்பாகவே தெரிகிறது. கண்ணாடியைப் பார்த்து, இந்த மூக்கு யாருடையது என்று கேட்காத பிள்ளை எது?

மறுபக்கத்தில் ஒரு தாய் இருக்கிறாள். வறுமையாலோ மணமாகாத நிலையாலோ கொடுத்தவள், அல்லது குழந்தை இறந்துவிட்டது என்று சொல்லி ஏமாற்றப்பட்டவள். பின்னர் மணம் முடித்து, கணவனிடம் சொல்லாமல், மற்றப் பிள்ளைகளிடம் சொல்லாமல் வாழ்ந்து வருகிறாள். அவள் வீட்டு வாசலில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் படப்பிடிப்புக் கருவியோடும் மொழிபெயர்ப்பாளரோடும் போய் நின்றால், அயலட்டம் முழுவதும் வேலியால் எட்டிப் பார்த்தால், அவள் கதவைச் சாத்துவது கல்நெஞ்சத்தாலல்ல. தேடுபவர் முதலில் நம்பிக்கையான ஒருவர் மூலம் இரகசியமாகச் செய்தி அனுப்புவதும், அவள் மறுமொழிக்குக் காத்திருப்பதும் தருமம். அயலவருக்கு உள்ள தருமம் இன்னும் எளிது. வாயை மூடிக்கொண்டிருப்பது.

வளர்ப்பவர்கள் எப்போது சொல்லுவது? விளங்கும் வயது வரும்வரை பொறுத்திருப்பதைவிட, விளங்காத வயதிலிருந்தே சிறிது சிறிதாகச் சொல்லி வருவது நல்லது. ஒரு நாள் இடி விழுந்தாற்போல் கேட்பதற்கு ஒன்றும் இராது. விளக்கீட்டுக்குத் தீபம் ஏற்றும்போது கார்த்திகைப் பெண்களின் கதையை முதலிற் சொல்லலாம். அந்தக் கதைக்குள் பிள்ளை தன்னையே ஒரு நாள் கண்டுகொள்ளும்.

தேடியும் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நினைக்கும்போது சாந்தோக்கிய உபநிடதத்தின் சத்தியகாமன் ஞாபகத்துக்கு வருகிறான். குருவிடம் போவதற்கு முன் தன் கோத்திரம் எதுவென்று தாயைக் கேட்டான். தான் இளமையில் பல இடங்களிற் பணிசெய்து திரிந்தவளாகையால் தனக்கே தெரியாது என்றாள் சபாலை. அவன் அதை அப்படியே போய்க் கௌதமரிடம் சொன்னான். உண்மையிலிருந்து விலகாதவன் என்பதையே தகுதியாகக் கொண்டு முனிவர் அவனுக்கு உபநயனம் செய்து, மெலிந்த பசுக்கள் நானூறை ஒப்படைத்தார். சத்தியகாமனுக்குத் தந்தை பெயர் பின்னரும் கிடைத்ததாக உபநிடதம் சொல்லவில்லை. தெரியாது என்று தாய் சொன்ன ஒரு சொல் அவனுக்குப் போதுமாயிருந்தது, ஏனெனில் அது பொய்யல்ல.

வெளிநாட்டிலிருந்து தாயைத் தேடி வருபவர் எவராயினும் ஆலயத்துக்கு வந்து அர்ச்சனைத் தட்டோடு நின்றால், குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். பத்திரத்தில் உள்ள பிறந்த தேதியே பொய்யாயிருக்கலாம் என்பதால் நட்சத்திரம் அவருக்குத் தெரிந்திராது. அதற்காக அர்ச்சனை நின்றுவிடுவதில்லை. கோத்திரம் அறியாதவருக்குச் சிவகோத்திரம் சொல்லுவதும், நட்சத்திரம் அறியாதவருக்குப் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு நாம நட்சத்திரம் சொல்லுவதும் வழக்கிலுள்ளவை. வளர்த்தவர் இட்ட பெயர் எந்த மொழிப் பெயராயினும், அதன் முதலெழுத்தைக் கேட்டு, அதற்குரிய நட்சத்திரத்தைச் சொல்லிக் குருக்கள் சங்கற்பத்தைத் தொடங்குவார்.