பாக்கி

"ஸ்காலர்ஷிப் பசங்கல்லாம் எழுந்திரிங்க." கல்லூரியில் இந்தக் குரல் வரும்போதெல்லாம் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். வகுப்பே திரும்பிப் பார்க்கும். பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அன்னதானத்துக்குக் கையேந்தும்போது இல்லாத கூச்சம் இங்கே ஏன்?

அம்மாவிடம் சொன்னேன். "அவங்க நெல்ல அளக்கச்சொல்ல பெரிய மரக்கா. எங்களுக்குக் கூலி அளக்கச்சொல்ல சின்ன மரக்கா. அந்த மிச்சம்தாண்டா இது. நீ ஏன் தலைய குனியற?" என்றது அம்மா.

தானம் கொடுப்பவனுக்குப் புண்ணியம், வாங்குபவனுக்கு நன்றிக்கடன். அறம் என்று நமக்குச் சொல்லித்தந்தது இதைத்தான். 'உதவித்தொகை' என்கிற சொல்லே நம்மை வாங்குபவனாக நிறுத்திவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக உழைப்பைப் பறித்த சமூகம், அதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தால் அது உதவியா?

ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா 2016 சனவரி 17 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். தனக்கு வரவேண்டிய ஏழு மாத ஆய்வு உதவித்தொகை குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டும் என்று கடைசிக் கடிதத்தில் கேட்டிருந்தார். சாகும்போதும் கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று வகுப்பில் எழுந்து நிற்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: நிமிர்ந்து நில்லுங்கள். பாக்கி வாங்க வந்தவர்கள் நாம்.