வழி தவறி வந்த பணம்

 

எல்லாப் புகழும் அல்லாஹுத்தஆலாவுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் மீதும் உண்டாவதாக. இம்மாதம் நாம் எழுத வந்த விஷயம் பணத்தைப் பற்றியது. அதுவும் நம்முடைய கல்லாப்பெட்டியிலேயே விழுந்த பணத்தைப் பற்றியது. நாம் ஆலிம் அல்ல. ஓதியது ஊர் மதரஸாவில். எழுதப் படித்தது ஆரம்பப் பள்ளிக்கூடத்தில். பிழை இருந்தால் பெரியோர் திருத்துவார்களாக.

ரிங்லெட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவனுக்குத் தராசை விடப் பற்று நோட்டுத்தான் முக்கியம். தேயிலைத் தோட்டங்களில் இப்போது வங்காள தேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் அதிகம். ஆனாலும் பழைய தமிழ்க் குடும்பங்கள் சில இன்னும் இருக்கின்றன. மாதம் முழுதும் அரிசி, பருப்பு, பால்மாவு என்று எழுதிக்கொண்டு போய், சம்பளம் போட்டதும் வந்து பாதி அடைப்பார்கள்; மீதி நிற்கும். அப்படி நிற்கிற பெயர்களில் ஒரு தாயின் பெயரும் இருந்தது. இந்துப் பெண்மணி. மகனுக்குப் பதினொரு வயது. பிறந்தது முதல் எழுந்து உட்கார்ந்ததில்லை, பேச்சும் இல்லை. அந்தப் பிள்ளைக்காக மாதாமாதம் ஓர் உதவிப்பணம் அவர் பேங்குக் கணக்கில் வந்து விழும். எந்த உதவி, எந்தக் காரியாலயம் என்பது இங்கே வேண்டியதில்லை.

ஒரு நாள் அவர் வந்து, "பாய், நோட்டுல உள்ளத முழுசும் அடிச்சிடுங்க" என்று 600 வெள்ளியை மேசை மேல் வைத்தார். இரண்டு வருஷமாக நின்ற பாக்கி! "ஏதும்மா இவ்வளவு?" என்றோம். "பையன் காசு மூணு மாசமா ரெண்டு மடங்கா விழுது பாய். ஏன்னு தெரியல. கேக்கவும் பயமா இருக்கு" என்றார். அதற்கு நாம் சொன்ன பதிலை இன்று எழுத வெட்கமாக இருக்கிறது. "ஆண்டவன் கொடுத்தாம்மா, வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று வாயால் மொழிந்தபடியே நோட்டுகளை எண்ணிக் கல்லாவில் போட்டுக்கொண்டோம்.

சகோதரர்களே, அந்த நேரத்தில் ஆண்டவன் பெயரைச் சொன்னது அவருக்காக அல்ல, நமக்காகத்தான். பாக்கி வசூலாகிவிட்டதல்லவா!

நாலு மாதம் கழித்து அவருக்கு ஒரு கடுதாசி வந்தது. மலாய் மொழியில் அரைப் பக்கம். மூன்று மாதத் தொகை கூடுதலாகத் தரப்பட்டுள்ளது, திருப்பிக் கட்டவும் என்றிருந்தது. ஏன் கூடிற்று, எப்படிக் கணக்கிட்டார்கள் என்று ஒரு வரி இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு அவர் நம் கடை வாசலில் நின்றபோது, இருந்த பணமெல்லாம் போய்விட்டிருந்தது. நம்மிடம் 600, மீதி பிள்ளைக்கு டயப்பர், ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வண்டிச் செலவு.

அன்றிரவு நமக்கு நினைவுக்கு வந்தது கைபர் யுத்தத்தின் சம்பவம். நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்த ஓர் அடிமை அம்பு பட்டு மாண்டான். ஷஹீதாகிவிட்டான், அவனுக்குச் சுவர்க்கம் என்று ஜனங்கள் மகிழ்ந்தார்கள். அப்படியல்ல, பங்கிடுமுன் பொதுப் பொருளிலிருந்து அவன் எடுத்துக்கொண்ட ஒரு போர்வை அவன் மேல் நெருப்பாக எரிகிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அதைக் கேட்ட ஒருவர் ஓடிப் போய்ச் செருப்பு வார் ஒன்றோ இரண்டோ கொண்டுவந்து கொடுத்தார். புகாரியில் உள்ள செய்தி இது. செருப்பு வார்! அதன் விலை என்ன இருக்கும்? நம் கல்லாவில் கிடந்ததோ 600 வெள்ளி.

சர்க்கார் பணந்தானே, நம் வரிப்பணந்தானே என்று சொல்லுகிற சிலர் நம்மிலும் உண்டு. டீக்கடையில் நாமும் சொல்லியிருக்கிறோம். சர்க்கார் பணம் எல்லாருக்கும் சொந்தமானது என்றால், அதில் அடுத்த தோட்டத்துப் படுக்கையில் கிடக்கிற இன்னொரு பிள்ளையின் பங்கும் இருக்கிறது. வழியில் கண்டெடுத்த பொருள் என்றும் இதைச் சொல்ல முடியாது. கண்டெடுத்த பொருளுக்கு ஒரு வருஷம் அறிவிப்புச் செய்து உரியவரைத் தேடு என்பது சட்டம். இங்கே உரியவர் யார் என்பது முதல் நாளே தெரிகிறது. அமானிதங்களை உரியவரிடம் சேர்க்கும்படி அந்நிஸா அத்தியாயம் 58ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். வந்த வழி தெரியாவிட்டாலும் கையில் இருக்கும்வரை அது அமானிதமே. நாட்டின் சட்டமும் இதையே சொல்லுகிறது. 1950ஆம் வருஷத்து மலேசிய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி, தவறுதலாகக் கொடுக்கப்பட்டதை வாங்கினவர் திருப்பித்தர வேண்டும்.

ஆனால் ஒன்று. கூடுதலாக வந்ததெல்லாம் தவறாக வந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இதை நாம் அழுத்திச் சொல்லக் காரணம், ஏழைகள் பயத்தினால் தங்கள் ஹக்கையே விட்டுவிடுகிறார்கள். படுக்கையில் கிடப்போரைப் பராமரிப்பவர்களுக்குச் சமூக நல இலாகா தரும் தொகை 2021ல் 350 வெள்ளியிலிருந்து 500 ஆக உயர்ந்தது. அந்த மாதம் பாஸ் புத்தகத்தைப் பார்த்துத் திகைத்தவர்கள் இருப்பார்கள். அது தவறல்ல, உரிமை. மனு தாமதமாகி, நின்ற மாதங்களின் பாக்கி மொத்தமாக விழுவதும் உண்டு. சிறப்புக் கல்வி மாணவர்களுக்குக் கல்வி அமைச்சு தருகிற மாதம் 150 வெள்ளி வேறு. அது தனிக் கணக்கு. ஆகவே முதல் கடமை கேட்பது. பணத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு கேட்பது.

எங்கே கேட்பது என்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். டெலிபோனில் ஒருவன் அதிகாரி போலப் பேசி, கூடுதல் பணத்தை இந்தக் கணக்கில் போடு என்றால் போட்டுவிடாதீர்கள். அத்தகைய மோசக்காரர்களுக்காகவே 2022 அக்டோபரில் சர்க்கார் ஒரு நிலையம் திறந்து 997 என்ற நம்பர் கொடுத்திருக்கிறது. நேரே காரியாலயத்துக்குப் போங்கள். பிள்ளையின் ஓ.கே.யு. கார்டு, பாஸ் புத்தகம், வந்த கடுதாசி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்து, அதன் நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும். மலாயில் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பது நம் பிள்ளைகள் செய்யக்கூடிய ஸதகா.

கொடுப்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தவறு செய்தது யார் என்று பாராமல், ஏழையின் கழுத்தைப் பிடிப்பது மார்க்கம் காட்டிய வழியன்று. கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடு, விட்டுக்கொடுப்பது அதனினும் மேல் என்பது பகரா அத்தியாயம் 280ஆம் வசனத்தின் கருத்து. பெரிய தேசங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. ஹாலந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவி வாங்கிய பல்லாயிரம் பெற்றோரை மோசடிக்காரர் என்று பழி சுமத்தி, கட்ட முடியாத தொகைகளைக் கட்டச் சொன்னார்கள். உண்மை வெளிவந்து 2021 ஜனவரியில் மந்திரி சபையே ராஜினாமாச் செய்தது. இங்கிலாந்தில் ஊனமுற்றோரைப் பராமரிக்கும் உறவினருக்கு வாராந்தர உதவி உண்டு. வாரத்தில் இவ்வளவுக்கு மேல் சம்பாதிக்கக் கூடாது என்று ஒரு வரம்பு; அதை ஒரு பவுண் தாண்டினாலும் அந்த வாரத்து உதவி முழுதும் போய்விடும். காரியாலயத்துக்குத் தகவல் வந்துகொண்டிருந்தும் கவனியாமல் விட்டு, வருஷக்கணக்கில் சேர்ந்த பிறகு திருப்பிக் கேட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடனாளிகளானார்கள். 2024ல் அது பெரும் பேச்சாயிற்று. 2025 ஏப்ரலில் 151 பவுணாக இருந்த வரம்பை 196 ஆக உயர்த்தினார்கள். இந்தியாவின் உச்ச நீதிமன்றமோ 2014 டிசம்பரில், பஞ்சாப் அரசின் வழக்கு ஒன்றில், கடைநிலைச் சிப்பந்திகளுக்கு அவர்கள் தவறின்றிக் கூடுதலாகப் போன சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அங்கே நீதிபதிகளின் நெஞ்சில் ஈரம் இருந்திருக்கிறது.

நிற்க, நம் கதைக்கு வருவோம். மறுநாள் ஹஜ்ரத்திடம் போனோம். கடனுக்காக வந்த பணந்தானே, கொடுத்தவர் எங்கிருந்து கொடுத்தார் என்று நாம் ஆராய வேண்டுமா என்று நமக்குச் சாதகமாகவே கேள்வியை அமைத்துக் கேட்டோம். ஹஜ்ரத் சிரித்தார். "ஆராய வேண்டாம். ஆனா அந்தம்மா சொல்லிட்டாங்களே, நீங்க காதுல வாங்கிட்டீங்களே" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

நமக்கு இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் கதை தெரியும். அவர்களும் நம்மைப் போல வியாபாரிதான். கூஃபாவில் துணிக் கடை. குறையுள்ள ஒரு துணியைக் குறையைச் சொல்லி விற்கும்படி கூட்டாளியிடம் கொடுத்திருந்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கினவர் யார் என்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அந்த விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். மதரஸாவில் உஸ்தாது இதைச் சொன்னபோது நாம் பெருமையாகத் தலையாட்டியவர்கள்.

அந்தத் தாயோடு காரியாலயத்துக்குப் போனோம். இரண்டு முறை அலைந்தோம். இரண்டாம் முறை பொறுமையான ஓர் அம்மையார் கோப்பை எடுத்துப் பார்த்தார். கூடுதலாக வந்த மூன்று மாதத்தில் ஒரு மாதம் தவறே அல்ல! முந்திய வருஷம் தாள்கள் புதுப்பிக்கத் தாமதமானபோது நின்ற மாதத்தின் பாக்கி அது. பிள்ளைக்குச் சேர வேண்டியதையும் சேர்த்துத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். நாம் போய்க் கேட்டிராவிட்டால் அதையும் அவர் கட்டியிருப்பார். நாமும், அவர் கட்டட்டும் என்று இருந்திருப்போம். மிஞ்சிய இரண்டு மாதத் தொகைக்குத் தவணை கேட்டு எழுதிக் கொடுத்தோம். ஒத்துக்கொண்டார்கள்.

நம்மிடம் வந்த 600 வெள்ளியை எடுத்து அவர் கையில் கொடுத்து, முதலில் இதைக் கட்டிவிடுங்கள், நம் பாக்கி நின்றால் நிற்கட்டும் என்றோம். பாக்கியைத் தள்ளிவிடவும் நினைத்தோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "தர்மமா எடுத்துக்க மாட்டேன் பாய். நோட்டுல திரும்ப எழுதுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே எழுதுங்க" என்றார்.

எழுதினோம். காரியாலயத்துக்கு மாதம் 50 வெள்ளி கட்டி வருகிறார். இன்னும் மூன்று தவணை இருக்கிறது. நம் நோட்டில் அவர் பெயருக்கு நேரே அடித்த கோடும் அப்படியே இருக்கிறது. அதன் கீழே 600.