சீவிய உருத்தும் இளம் வைத்தியரும்



உடுவிலில் ஒரு வீட்டு முற்றத்தில், மாமர நிழலில் கதிரை போட்டு இருத்திவிட்டு, ஒரு தகப்பனார் என்னிடம் கேட்ட கேள்வியை இன்று உங்கள் முன் வைக்கிறேன். அவர் பெயர் வேண்டாம். அவருடைய ஒரே மகள் வைத்தியர், மருமகனும் வைத்தியர். கலியாணத்தின்போது, தாமும் மனைவியும் குடியிருக்கும் வீட்டையும் நாலு பரப்புக் காணியையும் மகளுக்குச் சீதன உறுதி முடித்துக் கொடுத்தார். தங்கள் காலம்வரை அங்கே இருப்பதற்குச் சீவிய உருத்து மட்டும் வைத்துக்கொண்டார். இப்போது பிள்ளைகள் இருவரும் கொழும்பில் பட்டப்பின் பயிற்சியில் இருக்கின்றனர். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு பார்த்திருக்கிறார்கள். உடுவில் வீட்டை விற்றால்தான் முற்பணம் காணும். உருத்தோடு உள்ள வீட்டை எவரும் வாங்கார்.

"உருத்தை விட்டுக் கையெழுத்து வைக்கச் சொல்லிக் கேக்கினம், சுவாமி. பிள்ளையின்ரை பொருள்தானே. நான் மறிச்சால் அது பாவமோ?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, வருகிறேன் என்று எழும்பினேன். கேள்வி மட்டும் கூடவே வந்தது.

முதலில் இளையவர்கள் பக்கத்தைச் சொல்லிவிடுவோம். இளம் வைத்தியர் என்றால் பேராசைக்காரர் என்று பேசுவது எங்கள் ஊர்ப் படலைகளில் ஒரு பொழுதுபோக்கு. பேசுகிறவர்கள் அவர்களின் வாழ்க்கையைப் பார்த்ததில்லை. பல்கலைக்கழகத்தில் ஐந்து ஆண்டு, அதற்கு மேல் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. பிறகு நியமனம் எந்த ஊருக்கு என்பதைத் தகுதிப் பட்டியலில் உள்ள இடம் தீர்மானிக்கும். நிபுணராக விரும்பினால், 1980-ல் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து அமைந்த பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் பரீட்சைகள். அதன்பின் வைத்தியசாலை வைத்தியசாலையாகப் பயிற்சி. பெரும்பாலான துறைகளில் கடைசியாக வெளிநாட்டிலும் ஒரு காலம். இது முடியும்போது தலையில் நரை தொடங்கியிருக்கும். இரவு முழுதும் வாட்டில் நின்றவர், விடிந்தபின்னும் அதே வாட்டில் நிற்பதை நான் நோயாளரைச் சந்திக்கப் போகும்போது கண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் பயிற்சி வைத்தியரை 'ரெசிடென்ற்' என்பர். குடியிருப்பவர் என்பது பொருள். 1889-ல் பால்ட்டிமோர் நகரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை திறந்தபோது வில்லியம் ஒஸ்லரும் அவரோடிருந்தோரும் நிலைநாட்டிய முறை அது. பயிற்சி பெறுவோர் வைத்தியசாலைக்குள்ளேயே குடியிருந்தனர். எங்கள் நாட்டில் 'ஹவுஸ் ஒபிசர்' என்கிறோம். இரண்டு பெயரிலும் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீடு வைத்தியசாலை. பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை. இப்படி ஆண்டுக்கணக்கில் பிறர் கட்டிலருகே வாழ்ந்தவர், தனக்கென்று ஒரு கதவையும் அதற்கொரு திறப்பையும் விரும்பினால் அதைப் பேராசை என்று சொல்ல என் நா எழாது. மாதாமாதம் வாடகை கொடுப்பதிலும் பார்க்க வங்கிக் கடன் கட்டினால் ஒருநாள் வீடாவது மிஞ்சுமே என்ற அவர்கள் கணக்கிலும் நியாயம் உண்டு.

இனிச் சட்டம். 1707-ம் ஆண்டு ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை தொகுத்த தேசவழமை, கத்தோலிக்கரான எங்களையும் ஆளுகிறது. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று அது சொத்தைப் பிரித்தது. சீதனம் பெண்ணின் பொருள். ஆயினும் அவள் தன் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911-ம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வகுத்தது. (தன் பொருளுக்கு இன்னொருவர் கையெழுத்துக் கேட்கும் சட்டத்தை நான் மெச்சவில்லை; அது வேறு கதை.) விற்பதற்குமுன் பங்காளிகளுக்கும் உரிமை வாரிசுகளுக்கும் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பது 1947-ல் வந்த ஏற்பாடு. எனவே எங்கள் பகுதியில் காணி வாங்குகிற எவரும், டாக்டரோ கமக்காரரோ, உறுதியை மட்டும் பார்த்துக் காசை எண்ணக்கூடாது. கிணற்றையும் பார்க்க வேண்டும். சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்ததாக 2014, 2015-ம் ஆண்டுகளில் எழுந்த கலக்கமும், அதன் வழக்கு 2019-ல் உயர் நீதிமன்றத்தில் முடிந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

ஆனால் தகப்பனார் என்னைக் கேட்டது சட்டம் அல்லவே. மறித்தால் பாவமோ என்றுதான் கேட்டார்.

உடைமை வேறு, பயன் வேறு என்பது புனித தோமா அக்குவினாஸ் வகுத்த பழைய பாடம். ஒரு பொருளை வைத்து ஆளும் உரிமை ஒருவருக்கு இருக்கலாம். அதன் பயனோ தேவையுள்ளவரையும் சேர வேண்டும். குருமடத்தில் இதைப் படித்தபோது பணக்காரரின் களஞ்சியத்தையும் ஏழையின் பசியையும் நினைத்துக்கொண்டேன். சீவிய உருத்து என்ற எங்கள் ஊர் வழக்கம் அதே பாடத்தை ஒரு நொத்தாரிசின் கடுதாசியில் எழுதி வைத்திருக்கிறது என்பது பின்னர்தான் விளங்கிற்று. உடைமை மகளுக்கு, பயன், உயிர் உள்ளவரை, பெற்றோருக்கு. இது மகள் மீது வைத்த அவநம்பிக்கை அன்று. கொடுத்தவர் கொடுத்த பிறகு பிச்சை கேட்கும் நிலைக்கு வராதபடி போட்ட வேலி.

அந்த வேலியைப் பெற்றவரே விரும்பி எடுக்கலாம் அன்றோ என்பீர்கள். எடுக்கலாம். ஆயின் அது உண்மையான விருப்பமாக இருக்க வேண்டும். ஒருவர் தன் உரிமையை விட்டுக் கொடுக்கும்போது, மறுத்துச் சொல்ல அவருக்கு இடமிருந்ததா என்று ஒழுக்கவியல் கேட்கும். எங்கள் ஊரில் டாக்டர் மகளுக்கு, அதிலும் டாக்டர் மருமகனுக்கு, மறுத்துச் சொல்லக்கூடிய தகப்பன் எத்தனை பேர்? கலியாணம் பேசும்போதே சீதனத்துக்கு மேலே 'டொனேசன்' என்று இனாமும் கொடுத்து, பட்டத்துக்கு விலை கட்டிப் பழகியவர்கள் நாங்கள். கேட்கிறவர் மெதுவாகக் கேட்டாலும், கேட்கப்படுகிறவரின் காதில் அது பலமாக விழுகிறது. இதை இளம் வைத்தியர்கள் அறியார். வாட்டிலே சம்மதப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குமுன் நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டும் என்று அவர்களுக்குப் படிப்பிக்கிறார்கள். அதே பொறுமையை மாமனாரிடம் காட்டினால் போதும்.

இன்னொன்று. வீட்டை விற்றபின் பெரியவர்கள் எங்கே இருப்பார்கள் என்று கேட்டேன். "எங்களோடைதானே, ஐந்தாம் மாடியிலை" என்றாளாம் மகள். அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் தாயும் தகப்பனும் இரவு வேலைக்குப் போகும் வீட்டில் குழந்தைக்குப் பால் கரைப்பது யார்? காய்ச்சலில் மடியில் வைத்திருப்பது யார்? குசினியில் நிற்பது யார்? அம்மம்மா. எந்த உறுதியிலும் எழுதப்படாத பெரிய சீதனம் அவளுடைய உழைப்புத்தான். உடுவிலில் அவளுக்கு ஒரு கிணற்றடி இருந்தது, பூசைக்குக் கூடப் போகும் அயலட்டை இருந்தது, கோபம் வந்தால் போய் இருக்க ஒரு திண்ணை இருந்தது. ஐந்தாம் மாடியில் கோபம் வந்தால் எங்கே போவாள்? இருவரும் உழைக்கும் வீட்டில் கணவனும் சட்டியைக் கழுவத்தான் வேண்டும். அவன் அறுவைச் சிகிச்சை செய்கிறவன் என்பதால் அந்தக் கை சோப்பு நுரையில் கெட்டுப்போகாது.

வாங்குவதில் விவேகம் என்ற கேள்வியும் உண்டு. இன்றைக்குக் கொழும்பு, நாளைக்கு இலண்டன், அதன்பின் நியமனம் பொலனறுவைக்கோ மட்டக்களப்புக்கோ யார் அறிவார்? எங்கே வாழ்வோம் என்று தெரியாத காலத்தில் வாழும் வீட்டை விற்று, வாழாத வீட்டை வாங்குவது அவசரம். வாடகைக்கு இருப்பதை ஓர் இழிவாக எங்கள் சனம் நினைக்கிறது. அந்த நினைப்புக்காகக் கடனில் விழுந்தவர்கள் அதிகம். பூட்டிய வீடுகளையும் நாங்கள் காணாதவர்கள் அல்லர். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே வெளிக்கிட்டுப் போனபோது நான் பள்ளிக்கூடப் பையன். திரும்பி வந்தபோது கூரையில்லாத வீடுகளைக் கண்டேன். இன்றைக்கு கூரை உள்ளது, வர்ணம் பூசியது, ஆள் இல்லாதது என்று இன்னொரு வகை வீடு கூடியிருக்கிறது. 2022-ம் ஆண்டு நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்களும் பெருந்தொகையாக நாட்டை விட்டுப் போயினர்.

வைத்தியர் எங்கே வாழ்கிறார் என்பது எங்கள் பகுதியின் பழைய கவலை. பக்கத்து மானிப்பாயில் 1848 முதல் வைத்தியம் படிப்பித்த அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்கு வெளியூர் போய்விடுவதைக் கண்டார். அதனால் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கி, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். படித்தவன் தன் ஊரிலே குடியிருந்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்படிப் பிள்ளைகளைக் கட்டி வைக்க இன்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உடுவிலில் ஒரு வீடு அவர்களுக்காகத் திறந்திருப்பது, யாழ்ப்பாண வைத்தியசாலைக்கு அவர்கள் ஒருநாள் திரும்பி வருவதற்கு ஒரு காரணமாகலாம் அல்லவா?

என் ஆலோசனை எப்போதும் இலாபமாய் முடிந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு குடும்பத்துக்குப் பொறுங்கள் என்றேன். பொறுத்தார்கள். 2022-ல் ரூபாய் விழுந்து, கட்டடச் சாமான் விலை ஏறி, அவர்கள் சேமிப்புப் பாதி வீட்டுக்கும் காணாமற் போயிற்று. இன்றும் என்னைக் கண்டால் வணக்கம் சொல்கிறார்கள். பேச்சு மட்டும் குறைவு.

இரண்டு கிழமை கழித்து உடுவிலுக்குப் போனேன். "மறிப்பது பாவமில்லை. உங்களிடம் உள்ளது உங்களுடையது. கொடுக்க மனமிருந்தால் கொடுங்கள், பயத்தினால் கொடுக்காதையுங்கோ" என்றேன். மகளோடு தனியே, மருமகன் இல்லாத நேரத்தில் ஒருமுறை பேசச் சொன்னேன். அவர் பேசினாரோ தெரியாது. பிள்ளைகள் தெகிவளையில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். வெள்ளவத்தை வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்களாம். அதில் மருமகனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். நத்தாருக்கு வந்த மகள் முதல் இரண்டு நாளும் நித்திரையாகவே கிடந்தாள் என்று தாயார் சொன்னார். மூன்றாம் நாள் எழும்பிக் கிணற்றடியில் குழந்தையைக் குளிப்பாட்டினாளாம். உருத்துப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.