பார்ப்பதும் படிப்பினை பெறுவதும்

புதுச்சேரி மக்களுக்குப் பாரிஸ் மாநகர் முற்றிலும் அந்நிய ஊரன்று. 1954-இல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறி, 1962-இல் அந்த மாற்றம் சட்டப்படி நிறைவுற்றபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இங்கே பல. முஸ்லிம் குடும்பங்களும் அவற்றுள் உண்டு. அண்ணன் முத்தியால்பேட்டையிலும் தம்பி பாரிஸிலுமாக வாழ்வது நமக்குப் புதிதன்று. ஆகவே, விடுமுறை வந்தால் "நான்கு நாள் பாரிஸைப் பார்த்துவிட்டு வரலாம்" என்று வீடுகளில் பேச்செழுவதும் இயல்பே. அப்போது சிலர், "ஹஸ்ரத், வெறுமனே ஊர் பார்க்கப் போவது கூடுமா?" என்று கேட்கிறார்கள்.

கூடும். பயணம் அடிப்படையில் ஆகுமான செயல். ஆனால், ஆகுமான செயலை நன்மையாக்குவதும் வீணாக்குவதும் நிய்யத்தேயாகும். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது வங்கிக் கணக்கைக் கேட்கிறார்கள். முப்பதாயிரம் யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்கிறார்கள். திரும்பி வருவதற்குச் சான்று கேட்கிறார்கள். "எதைப் பார்க்கப் போகிறாய்? பார்த்து என்ன ஆகப் போகிறாய்?" என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. அதை நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் முடிவைக் கவனிக்குமாறு திருமறை பல இடங்களில் மனிதனை அழைக்கிறது. அத்தகைய பார்வையால் விளைவதை 'இப்ரத்' என்பர். படிப்பினை என்பது பொருள். கடந்து செல்வதைக் குறிக்கும் 'உபூர்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். கண் கண்ட பொருளிலிருந்து அதன் உட்பொருளுக்கு உள்ளம் கடந்து போவதே இப்ரத். கரையில் நின்று திரும்பியவன் ஆற்றைப் பார்த்தவனே தவிர, அதைக் கடந்தவன் அல்லன்.

பாரிஸில் லூவர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஏறக்குறைய 35,000 பொருள்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று கொண்டாலும், உண்ணாமல் உறங்காமல் இருபத்து நான்கு நாள்களுக்கு மேல் நிற்க வேண்டும்! நம்மவரின் திட்டத்திலோ அதற்கு ஒதுக்கப்படுவது ஒரு முற்பகல். பிற்பகலில் ஈபிள் கோபுரம், மாலையில் சேன் ஆற்றுப் படகு. எண்ணிக்கையைக் கொண்டு ஒரு நகரத்தை வெல்ல முடியாது என்பதற்கு இந்தக் கணக்கொன்றே போதும்.

மாறாக, ஒரே ஓரிடத்தில் நின்று பார்ப்போம். அந்நகரின் கொன்கோர்து சதுக்கத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன், மிஸ்ரை ஆண்ட பிர்அவ்ன்களில் ஒருவரான இரண்டாம் ராம்சேஸ் தம் புகழைப் பொறித்து லக்ஸர் ஆலயத்தில் நிறுத்திய தூண் அது. மிஸ்ரின் ஆட்சியாளர் முஹம்மது அலி அதனைப் பிரான்சுக்கு அளிக்க, 1836-இல் இங்கே நாட்டினார்கள். அதே சதுக்கத்தில்தான் 1793-இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் தலை துண்டிக்கப்பட்டது. அழியாப் புகழ் நாடிய அரசரின் கல், அரியணை இழந்த வேறோர் அரசரின் இரத்தம் சிந்திய மண்ணில் நிற்கிறது! திருமறையை ஓதும் ஒருவர் அங்கே பத்து நிமிடம் மௌனமாக நின்றால், கடக்க வேண்டிய ஆற்றைக் கடந்துவிடுவார். அதற்கு நுழைவுக் கட்டணமும் இல்லை.

இவ்வாறு பார்க்கத் தெரிந்த ஆலிம் ஒருவர் நமக்கு முன்னரே அந்நகருக்குச் சென்றிருக்கிறார். அஸ்ஹரில் பயின்ற ரிபாஆ அத்தஹ்தாவி, மிஸ்ர் மாணவர் குழுவுக்கு இமாமாக 1826-இல் பாரிஸ் சென்று ஐந்தாண்டுகள் தங்கினார். 1834-இல் வெளிவந்த அவருடைய பயண நூலின் பெயர், மாசு நீக்கிப் பொன்னெடுப்பதைக் குறிக்கும் பெயராகும். கண்டதையெல்லாம் அவர் புகழவுமில்லை. அந்நியருடையது என்பதால் அனைத்தையும் ஒதுக்கவுமில்லை. ஏற்கத்தக்கதையும் தள்ளத்தக்கதையும் பிரித்தறிந்தார். அந்தத் தராசு நம் கையில் இல்லாவிடில், பாரிஸிலிருந்து மயக்கத்தையோ வெறுப்பையோதான் சுமந்து வருவோம்.

அந்நகரின் பெரிய பள்ளிவாசலை நம்மவர் தவறாமல் தம் பட்டியலில் சேர்க்கிறார்கள், மகிழ்ச்சியே. முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர் கொடுத்த முஸ்லிம் வீரர்களின் நினைவைப் போற்றி, 1926-இல் திறக்கப்பட்டது அது. அதே போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-இல் திறந்து வைக்கப்பட்ட நினைவுச் சின்னம், நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. மாலைதோறும் அதைக் கடந்து காற்று வாங்கப் போகிறோமே, நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்? பிறர் நாட்டுப் போரில் இவர்கள் ஏன் மடிந்தார்கள் என்று நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறோமா? தன் கரையில் இருப்பதைக் காணாத கண், ஏழு கடல் தாண்டினாலும் அதே கண்தான்.

இனி, உரிமைகளுக்கு வருவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் பயணத்தின் ஒழுங்குகளுக்கென்றே ஒரு பகுதி வகுத்துள்ளார்கள். புறப்படுமுன் கடனை அடைக்க வேண்டும். அமானிதத்தை ஒப்படைக்க வேண்டும். வீட்டாரின் செலவுக்கு வழிசெய்ய வேண்டும். கடன் வாங்கிச் சுற்றுலா போகிறவர் முதல் படியிலேயே இடறுகிறார். மற்றொன்று, உறவின் உரிமை. பாரிஸின் புறநகரில், நாற்பது ஆண்டுகளாக ஒரு மாடி வீட்டில் வாழும் பெரியம்மாவுக்கு நம் திட்டத்தில் கிடைப்பது என்ன? விமானம் ஏறுமுன் அரை மணி நேரம்! கோபுரம் அடுத்த ஆண்டும் நிற்கும்; பெரியம்மா இருப்பாரா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

"எல்லாவற்றையும் பாடமாக்கினால் மகிழ்ச்சிக்கு இடமேது?" என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆற்றங்கரையில் அமர்ந்து பிள்ளைகளுடன் ரொட்டியைப் பகிர்ந்துண்பதும் ஒரு நிஃமத்தே. அதற்கு உரைநூல் தேவையில்லை. ஆனால், மகிழ்ச்சிக்கும் ஓய்வு வேண்டும். மார்க்கமே பயணியின் சுமையைக் குறைத்திருக்கிறது. போகும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக, முழுதாக நான்கு நாள்களுக்குக் குறைவாகத் தங்க எண்ணியவர், ஷாபிஈ மத்ஹபின்படி பயணியே. ஹனபீ மத்ஹபில் பதினைந்து நாள்களுக்குக் குறைவாகத் தங்க எண்ணினால் அவ்வாறே. இருவரும் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழுகிறார்கள். தொழுகையையே இலேசாக்கிய பயணத்தில், காலை முதல் இரவு வரை ஓட்டத்தை நிரப்பிக்கொள்வது நமக்கு நாமே ஏற்றிக்கொள்ளும் பாரமன்றோ? ஜூன் இறுதியில் அங்கே கதிரவன் மறைய இரவு பத்து மணியாகும். மஃரிபுக்குப் பின் இஷாவுக்கும் விழித்திருக்க வேண்டியவர்கள், பகலில் சற்றே அமர்வது நன்று.

ஆகவே, போக விரும்புவோர் போகட்டும். பட்டியலில் பத்து இடங்களுக்குப் பதில் மூன்று இருக்கட்டும். பார்த்ததைப் பிள்ளைகளோடு பேச நேரம் இருக்கட்டும். ஒரு மாலைப்பொழுது முழுவதும் உறவினருக்காக ஒதுக்கப்படட்டும். போக வசதியற்றோர் ஏங்க வேண்டியதில்லை. இப்ரத் நாடும் கண்ணுக்கு நம் கடற்கரையும் போதும்.

காண்பதைக் கடந்து காணும் கண்ணை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.