தேகம் என்னும் முதல்



அடியேன் ஆலிமல்லன். சிறு வயதில் மதறஸாவில் ஓதியதும், ஆறாம் வகுப்புவரை பள்ளியில் படித்ததுமே என் கல்வி. பினாங்கில் சரபத் கடை வைத்துப் பிழைப்பவன். ஆகவே ஒரு கடைக்காரன் இன்னொரு கடைக்காரரிடம் பேசுவதாக எண்ணி இதனைப் படியுங்கள்.

ஆரோக்கியம், ஓய்வு ஆகிய இரண்டு நிஃமத்துகளில் மனிதரில் அநேகர் நஷ்டப்பட்டுப் போகிறார்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அதில் வரும் 'மக்பூன்' என்ற அரபுச் சொல்லை எங்கள் உஸ்தாது விளக்கியது இன்றும் நினைவில் நிற்கிறது. அது சந்தைச் சொல்லாம். பொருளின் பெறுமானம் தெரியாமல் அற்ப விலைக்கு விற்றுவிட்டு வீடு திரும்புகிறவனுக்கு அந்தப் பெயர்.

என் அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு காசு பிசகாமல் பேரேடு எழுதுவார். சரக்கு இருப்பை எண்ணிய பின்புதான் கதவடைப்பார். பகல் உணவு மாலை நான்கு மணிக்கு. அதுவரை தேத்தண்ணீரே ஆகாரம். கடை அடைத்து நடுநிசியில் தட்டு நிறையச் சோறு, அதன்மேல் நாலு வகைக் குழம்பு. கை கழுவிய ஈரம் காயுமுன் படுக்கை. இப்படி இருபது வருடம். கால் மரத்துப் போனது அவருக்கே தெரியவில்லை. செருப்பில் ஏறியிருந்த ஆணி குத்தி, அதை அறியாமல் நாலு நாள் நடந்திருக்கிறார். புண் அழுகிய பின்தான் டாக்டரிடம் போனார். நீரிழிவு என்று அன்றுதான் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதன்பின் ஸஃப்பின் ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழுதார். "நெற்றியைத் தரையில் வைக்க முடியவில்லையே, தம்பி" என்று ஒரு நாள் அழுதார். ஐம்பத்திரண்டாம் வயதில் மௌத்தானார். ஆயுள் அல்லாஹ் விதித்தது. அதில் எனக்குத் தர்க்கமில்லை. ஆனால் கடைக்குத் தினம் இருப்பெடுத்த மனிதர் தம் தேகத்துக்கு ஒரு நாளும் இருப்பெடுக்கவில்லை.

2023-ஆம் ஆண்டு மலேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவருக்கு நீரிழிவு என்று கண்டார்கள். அவர்களில் பலர் தமக்கு வியாதி இருப்பதையே அறியாதவர்கள். அண்ணன் போன பின் என் கடைத் தேத்தண்ணீரை நானே தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஒரு குவளைக்கு நாற்பது கிராம் கட்டிப்பால் போகிறது. அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை சுமார் 50 கிராமுக்குள் இருக்கட்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. மூன்று குவளையிலேயே அந்தக் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. கல்லாவில் உட்கார்ந்து நான் குடித்தது ஏழு, எட்டு! இப்போது காலையில் ஒன்று, அஸருக்குப் பின் பால் சேர்க்காத ஒன்று. வாடிக்கைக்காரர் கேட்டால் 'கட்டிப்பால் குறைத்து' ஆற்றித் தருகிறோம். அதனால் யாரும் கடை மாறிப் போகவில்லை.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்ற நபிமொழியை நாம் எல்லோரும் பயானில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு நேரே கந்தூரிச் சோற்றுக்குப் போகிறோம்.

ஒளுவைப் பற்றி ஒரு வார்த்தை. கால் கழுவும்போது விரலிடுக்குகளைக் கோதிக் கழுவுவது சுன்னத்து. நீரிழிவுக்காரர் தினமும் தம் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். நமக்கோ பார்ப்பதற்கு ஒரு நாளில் ஐந்து வேளை இருக்கிறது. ஆனால் எப்படிக் கழுவுகிறோம்? குழாயைத் திறந்து, காலை நீட்டி, முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு! குனிந்து பாருங்கள். வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம் கண்ணில் படும். பிறகு இடுக்குகளைத் துடைத்துவிடுங்கள். ஈரம் நின்றால் அங்கே சேற்றுப்புண் வரும். அண்ணன் ஐவேளைத் தொழுகையாளி. அந்த நாலு நாளில் இருபது தடவை காலைக் கழுவியிருப்பார்.

சிகரெட்டு பற்றி அதிகம் சொல்ல எனக்கு முகமில்லை. புகைப்பது ஹராம் என்று மலேசியத் தேசிய ஃபத்வாக் குழு 1995-லேயே முடிவு செய்தது. அதன் பின்னும் பல வருடம் விற்றவன் நான்.

தூக்கத்துக்கு வருகிறேன். அபூதர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்தபோது, ஸல்மான் (ரலி) அவர்கள் தடுத்து உறங்க வைத்தார்கள். ஸல்மான் சொன்னதே உண்மை என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றார்கள். இரவு முழுதும் நின்று வணங்கியவருக்கே தேகத்தின் ஹக்கு நினைவூட்டப்பட்டது என்றால், இரவு முழுதும் கல்லாவில் நிற்கிறவருக்குச் சொல்ல வேண்டுமா? நாம் மட்டுமா நிற்கிறோம்? ஊரிலிருந்து வந்த பிள்ளைகளையும் நிறுத்தி வைத்திருக்கிறோம். அவர்கள் தேகமும் நம்மிடம் அமானத்துதானே.

என் கடையை இப்போது இரவு பத்தரைக்கு அடைக்கிறேன். கல்லாவில் குறைந்திருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். எதிர்க்கடை நானா, "கடையை வக்ஃபு எழுதிவிட்டாயா, தம்பி?" என்று கேலி செய்கிறார். அவருக்கும் சில காலமாகப் பாதம் எரிகிறதாம். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமகனுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம், என்னோடு வாருங்கள், இரத்தம் பார்த்துவிடலாம் என்றேன். "பெருநாள் வியாபாரம் முடியட்டும்" என்றார். அண்ணனும் அப்படித்தான் சொல்வார்.