கைத்திறனும் கொலைக்கருவியும்

செங்கத்தில் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரின் மகன் அண்மையில் நம்மைக் காண வந்தான். கடைசல் பட்டறைத் தொழிலில் தேர்ந்தவன். அமெரிக்க நாட்டில் பலர் வீட்டுப் பட்டறையிலேயே கைத்துப்பாக்கியின் உறுப்புகளை அராவிப் பொருத்தி, விசையை இலகுவாக்கிப் பொழுதுபோக்குகின்றனர். அக்கலையைக் கற்க அவனுக்கும் ஆசை. "நான் யாரையும் சுடப்போவதில்லை. செய்து பார்ப்பதில் என்ன பாவம், டீச்சரம்மா?" என்று வினவினான்.

சட்டத்தின் விடை எளிது. உரிமமின்றித் துப்பாக்கி செய்வதை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனை ஏழாண்டுக்குக் குறையாது. ஆயுள் வரையும் நீளலாம். ஆனால் தண்டனைக்கு அஞ்சி விடுவது விரதமாகாது. அறத்தின் விடை யாது என்பதே நம் வினா.

அவன் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. ஆதிபகவன் மாந்தர்க்குக் கற்பித்த அறுதொழிலில் முதலாவது வாள்தொழில். திருத்தக்கதேவரின் சீவகன் வில்வித்தையில் வல்லவன். சிரவணபெளகொளாவில் பாகுபலியின் பேருருவை எடுப்பித்த சாமுண்டராயர் கங்கர்களின் படைத்தலைவர். ஆயுதம் அறிந்தோரை நம் சமயம் விலக்கவில்லை.

எனினும் காரணத்தை அது கேட்கிறது. ஹிம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காகப் பகுத்து, இல்லறத்தார் முதலாவதை முற்றிலும் விடுக, ஏனையவற்றை இயன்றவரை குறைக்க என்றனர் ஆன்றோர். 1972இல் தொல்பொருள் ஆய்வுத்துறை நூலாக வெளியிட்ட செங்கம் நடுகற்களைக் காண்க. ஆநிரைக்காகவும் ஊருக்காகவும் வீழ்ந்த வீரர்க்கு ஒரு காரணம் இருந்தது. ஜவ்வாது மலையில் காட்டுப்பன்றிக்கு அஞ்சி நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் ஏழை உழவன் செய்வது தவறே. அவனுக்கும் வயிறு என்னும் காரணம் உண்டு. பொழுதுபோக்குக்கோ அதுவும் இல்லை. பயனின்றிச் செய்யும் தீங்கையே அநர்த்ததண்டம் என்கின்றன இரத்தினகரண்டகமும் அதன் தமிழ் வடிவான அருங்கலச்செப்பும். கோடரி, வாள், தீ, சங்கிலி போன்ற கொலைக்கருவிகளைப் பிறர்க்கு ஈவதும் அதன் ஒரு வகை, ஹிம்ஸாதானம் என்பர்.

"நான் யாருக்கும் கொடுக்கமாட்டேனே" எனலாம். ஆனால் இரும்பு மனிதனைவிட நெடிது வாழ்வது. செய்தவன் கொடாவிடினும் காலம் ஒருநாள் அதை வேறொரு கையில் கொடுத்துவிடும்.

இன்னொன்று நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. எண்ணுதல், ஆயத்தம் செய்தல், செயலில் இறங்குதல் எனத் தீவினைக்குப் படிகள் மூன்று. மனம், மொழி, மெய் என வாயில்கள் மூன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என முறைகள் மூன்று. வெகுளி, செருக்கு, மாயம், உலோபம் எனக் கஷாயங்கள் நான்கு. பெருக்கினால் 108. எண்ணம் செயலாகுமுன் நின்று திரும்புவதற்குப் படிகள் உள என்பதே இக்கணக்கின் கருணை. விசையை இலகுவாக்குவோர் செய்வது யாது? எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைக்கின்றனர். நோன்பும் சாமாயிகமும் நீட்ட முயலும் தொலைவு அதுவே. காகித இலக்கைச் சுடும் விளையாட்டும் ஓர் எல்லை வகுத்துள்ளது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரு வெண்கலம் வென்ற 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில், விசையின் இழுவை 500 கிராமுக்குக் குறையலாகாது என்பது விதி.

இவற்றை அவனுக்குச் சொல்லும்போதே நம் பழைய பிழையொன்று நினைவில் எழுந்தது. கைத்தொழில் வகுப்பில் மரத்தால் துப்பாக்கி செய்து வந்த சிறுவனுக்கு முதல் மதிப்பெண் இட்டோம். இழைப்பின் நேர்த்தியைக் கண்டோம். செய்த பொருளைக் காணவில்லை. உடன்படுதலும் 108இல் ஒன்று. ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் எளிதில் வாய்க்கும் பாவம் அது. பிள்ளையின் திறமையைப் புகழுமுன், அத்திறமை எதன்மேல் அமர்கிறது என்று நோக்கவேண்டும்.

திறமையை அடக்கு என்று அவனிடம் நாம் சொல்லவில்லை. நூலிழை பிசகாமல் இரும்பை அராவும் கைக்கு வேலை இல்லாமலா போகும்? 1975இல் பகவான் மகாவீரர் திருப்பெயரால் ஜெய்ப்பூரில் தோன்றிய அறநிறுவனம் காலிழந்தோர்க்கு இலவசமாகச் செயற்கைக் கால் பொருத்தி வருகிறது. அங்கும் மூட்டு பிசகின்றி அசையவேண்டும். அங்கும் அராவும் கை வேண்டும். இதைக் கேட்டவன் விடை கூறாது சிறிது நேரம் அமர்ந்திருந்தான். "யோசிக்கிறேன், டீச்சரம்மா" என்று சொல்லிச் சென்றான். அந்த யோசனைக்கு இடம் விடுவதே நாம் அவனிடம் வேண்டியதும்.