அலுமினியத்தின் வலிமை எங்கே இருக்கிறது?

6061 என்ற எண்ணால் அறியப்படும் அலுமினியக் கலப்புலோகம் 1935-இல் அமெரிக்காவின் அல்கோவா நிறுவனத்தில் உருவானது. அதன் எடையில் ஏறத்தாழ 96 முதல் 98 விழுக்காடு அலுமினியம். மக்னீசியம் 0.8 முதல் 1.2 விழுக்காடும், சிலிக்கான் 0.4 முதல் 0.8 விழுக்காடும் இருக்கும். சிறிதளவு தாமிரமும் குரோமியமும் சேரும். ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.70 கிராம் எடை, அதாவது எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. எளிதில் அரிக்காது, கடையவும் பற்றவைக்கவும் இணங்கும். மிதிவண்டிச் சட்டம், படகு, லாரி உறுப்புகள், முக்குளிப்போர் முதுகில் சுமக்கும் காற்று உருளை, ஆய்வகத்தின் வெற்றிடக் கலன் என்று பல இடங்களில் அது பயன்படுகிறது.

இந்த உலோகத்தின் மென்மையான நிலையை ஓ என்றும், கெட்டியான நிலையை டி6 என்றும் குறிப்பார்கள். மென்மையான கம்பி ஏறத்தாழ 55 மெகாபாஸ்கல் அழுத்தத்திலேயே பழைய நீளத்துக்குத் திரும்ப முடியாதபடி நீளத் தொடங்கிவிடும். டி6 கம்பியோ ஏறத்தாழ 276 மெகாபாஸ்கல் வரை தாங்கும். இரண்டையும் வேதிப் பகுப்பாய்வுக்கு அனுப்பினால் ஒரே விடைதான் வரும். பொருள் அதே பொருள், அளவும் அதே அளவு. வலிமை மட்டும் ஐந்து மடங்கு. அப்படியானால் அந்த வலிமை எதில் இருக்கிறது? குணம் பொருளில் எவ்வாறு தங்குகிறது, காரியம் காரணத்தில் முன்பே உள்ளதா என்று இந்தியத் தத்துவ மரபுகள் பல நூற்றாண்டுகள் வாதிட்ட கேள்வியே இங்கு ஓர் உலோகக் கம்பியில் எழுகிறது.

முதலில் அந்த வலிமை எப்படி வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கம்பியை ஏறத்தாழ 530 டிகிரி செல்சியசில் வைத்தால், உருகாத அந்தத் திண்ம நிலையிலேயே மக்னீசிய, சிலிக்கான் அணுக்கள் அலுமினியத்துக்குள் கரைந்து பரவும். உடனே நீரில் தோய்த்தால், பிரிந்து செல்ல நேரமின்றி அவை அங்கேயே அகப்பட்டுக்கொள்ளும். பிறகு 160 முதல் 175 டிகிரி வரையிலான மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்திருக்கும்போது, அவை ஒன்றையொன்று தேடிக் கூடி, கண்ணுக்கு எட்டாத நுண்ணிய ஊசிகளாகப் படிகின்றன. உலோகம் வளையும்போது அணுவடுக்குகள் மொத்தமாகச் சறுக்குவதில்லை. அடுக்கின் ஒழுங்கில் உள்ள பிறழ்வுகள் வரிவரியாக நகர்கின்றன. இதை 1934-இல் டெய்லர், ஒரோவன், போலானி மூவரும் தனித்தனியே முன்வைத்தனர். அந்த நகர்வை ஊசிகள் மறிக்கின்றன. மறிப்புதான் வலிமை. அலுமினியக் கலவைகள் இப்படிக் கெட்டிப்படும் என்பதை 1906-இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வில்ம் வேறொரு கலவையில் கண்டறிந்தார். தோய்த்து வைத்த உலோகம் சில நாட்களில் தானாகவே கெட்டிப்பட்டிருந்தது. காரணம் அவருக்குப் புலப்படவில்லை.

சாங்கியம் இதற்குச் சற்காரியவாதத்தால் விடை சொல்லும். காரியம் காரணத்தில் மறைந்திருக்கிறது. புதிதாகப் பிறப்பதில்லை, வெளிப்படுகிறது. எள்ளில் எண்ணெய் வரும், மணலில் வராது. சைவ சித்தாந்தமும் இந்தக் கொள்கையை ஏற்றது. 6061 இதற்கு ஓரளவு சான்று தருகிறது. தூய அலுமினியத்தை அதே சூட்டில் வைத்து, அதே நீரில் தோய்த்து, அதே நேரம் காத்திருந்தாலும் அது மென்மையாகவே இருக்கும். எனவே கெட்டிப்படும் ஆற்றல் அந்தக் கலவைக்கு உரியது. ஆனால் ஆற்றல் வேறு, குணம் வேறு. டி6 கம்பியை மீண்டும் சூடாக்கி மெல்ல ஆறவிட்டால் வலிமை போய்விடும். மறுபடி பதப்படுத்தினால் திரும்பும். வலிமை, மென்மை இரண்டும் மறைந்திருந்தன என்று சொல்வதால் எது எப்போது ஏன் வெளிப்படுகிறது என்பது விளங்காது. அதை விளக்குவது ஊசிகளின் அமைப்பே.

நியாய வைசேடிகர் எதிர்த்திசையில் நின்றனர். காரியம் முன்பு இல்லாதது. அவயவங்கள் சேரும்போது அவயவி என்ற புதுப் பொருள் பிறக்கிறது. காரணத்தின் குணங்கள் காரியத்தில் தம்மை ஒத்த குணங்களை உண்டாக்கும் என்பதும் அவர்கள் கொள்கை. அடர்த்தி இந்த விதிக்கு அடங்கும். விறைப்பும் அடங்கும்: நிரந்தரமாக வளையாத எல்லைக்குள் ஒரே எடையைத் தொங்கவிட்டால் ஓ கம்பியும் டி6 கம்பியும் ஒரே அளவே தாழும், ஏனெனில் அந்தக் குணம் பெரும்பாலும் அலுமினிய அணுக்களின் பிணைப்பிலிருந்தே வருகிறது. வலிமை அப்படி அடங்கவில்லை. மென்மையான அலுமினியத்தில் வலிமை குறைவு, தனி அணுவுக்கோ வலிமை என்று ஒன்றைச் சொல்லவே இயலாது.

சூட்டினால் பிறக்கும் குணங்களைப் பற்றி நியாயம், வைசேடிகம் என்ற இரு பள்ளிகளும் தமக்குள் நடத்திய வாதம் இன்னும் நெருக்கமானது. பச்சை மண்குடம் சூளையில் சிவக்கிறது. எங்கே நிகழ்ந்தது மாற்றம்? வைசேடிகர் அணுவில் என்றனர்: தீ தாக்கக் குடம் அணுக்களாகப் பிரிகிறது, அணுக்கள் பழைய நிறம் இழந்து புதியதைப் பெறுகின்றன, மீண்டும் கூடிக் குடமாகின்றன. இது பீலுபாகவாதம். நையாயிகர் மறுத்தனர்: சூளையில் வைத்த குடத்தைத்தான் திரும்ப எடுக்கிறோம், அது சிதறவில்லை, முழுக் குடமே மாறியது. இது பிடரபாகவாதம். அவர்கள் பேசியது நிறத்தை, இங்குள்ளது வலிமை. ஆயினும் கேள்வியின் வடிவம் ஒன்றே. 6061 கம்பி சூட்டில் சிதறுவதில்லை, வடிவம் மாறாமல் நிற்கிறது. அந்த அளவில் நையாயிகர் சரி. மாற்றம் நிகழ்வது அணுக்களின் மட்டத்தில் என்பதில் வைசேடிகர் சரி. ஆனால் எந்த அணுவும் தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. மாறியது அவை நிற்கும் இடம். இரு பள்ளிகளும் குணத்துக்கு இருப்பிடமாக ஒரு பொருளைத் தேடின. வலிமையின் இருப்பிடமோ பொருள்களுக்கு இடையிலான அமைப்பு.

அமைப்பில் இருப்பதால்தான் அது இடத்துக்கு இடம் வேறுபடவும் செய்கிறது. டி6 குழாய்களைப் பற்றவைத்து மிதிவண்டிச் சட்டம் செய்தால், பற்றுக்கு அருகில் சூடேறிய பகுதியில் ஊசிகள் கரைந்தோ பருத்தோ போய், வலிமை பெருமளவு குறையும். அதனால் பல தயாரிப்பாளர்கள் சட்டம் முழுவதையும் மீண்டும் பதப்படுத்துகிறார்கள்.

மணிமேகலையின் சமயக் கணக்கர் காதையில் பூதவாதி இதே கேள்வியை மனிதனிடம் கொண்டுவருகிறான். தாதகிப் பூவும் வெல்லமும் பிறவும் கூடக் கள்ளின் மயக்கம் பிறப்பதுபோல, பூதங்கள் கூட உணர்வு பிறக்கிறது என்கிறான். உறுப்புகளில் தனித்தனியே இல்லாத குணம் கூட்டத்தில் பிறக்கக்கூடும் என்ற அவன் வாதத்துக்கு 6061 துணை நிற்கிறது. ஆனால் ஒரு திருத்தத்துடன்: வெறுங்கூட்டம் போதாது, அமைப்பும் அதை உண்டாக்கிய வரிசையும் வேண்டும். இன்னொரு வேறுபாடு இதைவிடப் பெரியது. உலோகத்தில் ஊசி, பிறழ்வு, மறிப்பு என்று படிப்படியாகத் தொடர்ந்தால், இறுதியில் வலிமை எனப்படுவதில் விளங்காத மிச்சம் எதுவும் இல்லை. நரம்புகளின் அமைப்பிலிருந்து வலியை உணர்வதற்கு அப்படி ஒரு தொடர் இன்றுவரை கிடைக்கவில்லை. சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் மெய்கண்டார், உடலை என் உடல் என்று அறிந்து சொல்வது உடலின் வேறாகவே இருக்க வேண்டும் என்று வாதிடுகிறார். அந்த வாதம் அறிபவனிலிருந்து தொடங்குகிறது. தன்னை அறியாத ஓர் உலோகக் கம்பியால் அதை மெய்ப்பிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.